கொலுசுச் சத்தமும் கறுப்புச் சட்டையும்: சிக்னஸ் எக்ஸ்-1 குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, இரவு எட்டு மணி தாண்டியிருந்தது. ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. குமாஸ்தா ஐயா ஆறு அங்குலத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஒரு புள்ளி தெரியுது தம்பி. அம்புட்டுத்தான்.”

“அந்தப் புள்ளிதான் ஐயா. அதுக்குப் பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. வெளிச்சத்தைக்கூட வெளிய விடாத கருந்துளை.”

“கண்ணுக்குத் தெரியாதுங்கிறீக. அப்புறம் எதை வச்சு இருக்குண்டு சொல்றீக?”

அவர் நாற்பது வருஷம் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். வழக்குக் கட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவதும், எந்தத் தாளில் என்ன ஓட்டை என்று வக்கீலுக்கு முன்பே கண்டுபிடிப்பதும் அவர் பிழைப்பு. ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு ஒத்தக்கடைக்கு வந்துவிட்டார். காலை நடை இன்றைக்கும் உயர் நீதிமன்றக் கிளையின் மதில் வரைக்கும்தான், பழக்கம் விடவில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். வகுப்பில் கருந்துளை பற்றி யாராவது கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடித்துவிடுவேன். அந்த ஐந்து நிமிடப் பதில் அவரிடம் செல்லுபடியாகவில்லை. மூன்று சனிக்கிழமை பிடித்தது. முடிந்ததும், “எல்லாத்தையும் ஒரு கட்டா எழுதிக் கொடுங்க” என்றார். இது அந்தக் கட்டு.

அவர் வைத்த நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் கண்ட சாட்சி இல்லாத வழக்கில் சந்தர்ப்ப சாட்சியம் எப்படி இருக்க வேண்டும் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கொலை மேல்முறையீட்டில் ஐந்து விதிகளைச் சொன்னது. அவர் அதில் இரண்டைப் பிடித்துக்கொண்டார். சங்கிலி எங்கும் அறுபடக் கூடாது. ‘இவன் செய்யவில்லை, வேறு எப்படியோ நடந்தது’ என்பதற்கு ஒரு சந்துகூட மிஞ்சக் கூடாது. “இந்த ரெண்டும் தேறுனா ஒத்துக்கிறேன். இல்லைன்னா உங்க கருந்துளைக்கு ஜாமீன்தான்.”

சம்பவ இடம்

புரட்டாசி இரவு எட்டு மணிக்கு மதுரையில் அண்ணாந்து பார்த்தால் திருவோணம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அதிலிருந்து வடக்கே பார்வையை இறக்கினால், சிலுவை மாதிரி ஒரு விண்மீன் கூட்டம். இறக்கையை விரித்துக் கழுத்தை நீட்டிப் பறக்கிற அன்னம் என்று அதைச் சொல்வார்கள். சிக்னஸ் என்பது அதன் பெயர். கழுத்தின் நடுவே மங்கலாக ஒரு விண்மீன் உண்டு. அதிலிருந்து முழுநிலவின் அகலம் அளவுக்கு நகர்ந்தால் இன்னும் மங்கலான ஒரு புள்ளி வரும். வெறும் கண்ணுக்கு எட்டாது. நல்ல பைனாகுலர் போதும். அட்டவணையில் அதன் பெயர் எச்டிஇ 226868. குமாஸ்தா ஐயா பார்த்தது இதைத்தான்.

தூரம் சுமார் 7,200 ஒளியாண்டு. அதாவது அவர் கண்ணில் பட்ட வெளிச்சம், கீழடியில் செங்கல் அடுக்கியவர்கள் பிறப்பதற்கு நாலாயிரம் வருஷத்துக்கும் மேல் முன்னால் கிளம்பியது. இதைச் சொன்னால் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். அவர், “தாமதமா வந்த சாட்சி. ம்ம், மேல சொல்லுங்க” என்றார்.

தட்டாமாலை

நான் கணக்கோடு ஆரம்பித்திருந்தால் அன்றைக்கே கீழே இறங்கிப் போயிருப்பார். அவருடைய பேரனும் பேத்தியும் மாடியில்தான் இருந்தார்கள். பையன் ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. பையனுக்கு வெள்ளை பனியன். சின்னவளுக்கு அண்ணனுடைய கறுப்பு டி-ஷர்ட்டை முழங்கால் வரை மாட்டிவிட்டோம். மாடி விளக்கை அணைத்தேன். இருவரும் கையைக் கோத்துத் தட்டாமாலை சுற்ற வேண்டும்.

நான் எதிர்பார்த்தது இதுதான்: வெள்ளை பனியன் மட்டும் தெரியும், அது ஒரே இடத்தில் நிற்காமல் சின்ன வட்டம் அடிக்கும், அதைப் பார்த்து ‘யாரோ கையைப் பிடித்திருக்கிறார்கள்’ என்று ஊகிக்கலாம். அதெல்லாம் நடந்தது. கூடவே நான் யோசிக்காத ஒன்றும் நடந்தது. சின்னவளின் கொலுசைக் கழற்ற மறந்துவிட்டோம்.

“ஆளு தெரியல, கொலுசு கேக்குது” என்றார் குமாஸ்தா ஐயா.

செய்முறை கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: இந்த வழக்கே கொலுசுச் சத்தத்தில்தான் ஆரம்பித்தது.

முதல் தகவல், 1964

எக்ஸ் கதிர்களை நம் காற்றுமண்டலம் விழுங்கிவிடும். எனவே அவற்றைப் பிடிக்க மேலே போக வேண்டும். 1964 ஜூனில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து கைகர் எண்ணிகளைச் சுமந்து ஒரு ராக்கெட் போனது. சில நிமிடம்தான் மேலே இருந்தது. அதற்குள் வானத்தில் சில இடங்களில் எக்ஸ் கதிர் கொட்டுவதைப் பதிவு செய்தது. அன்னத்தின் பக்கம் அகப்பட்டது சிக்னஸ் எக்ஸ்-1. எது, எங்கே என்பதெல்லாம் அப்போது தெரியாது. அந்தத் திசையில் ஏதோ சத்தம், அவ்வளவுதான்.

1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரைக்கு அப்பால் ஒரு மிதவை மேடையிலிருந்து உஹுரு என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அன்று கென்யாவின் விடுதலை நாள். சுவாகிலி மொழியில் உஹுரு என்றால் விடுதலை. எக்ஸ் கதிருக்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள் அது. திட்டத்தை நடத்திய ரிக்கார்டோ ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்னஸ் எக்ஸ்-1 சீராக எரியவில்லை, ஒரே நொடிக்குள் பலமுறை கூடிக் குறைகிறது என்று உஹுரு காட்டியது.

“துடிச்சா என்ன?” என்றார் அவர்.

இங்கே அழகர் கைகொடுத்தார். வைகையில் அழகர் இறங்கும்போது கரையில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஜனம் நிற்கிறது. எல்லாரும் ஒரே நொடியில் ‘கோவிந்தா’ என்று கத்தினாலும், ஒரு முனையில் நிற்பவர் காதில் அது ஒரே வெட்டாக விழாது. பக்கத்து ஆள் குரல் உடனே வரும், அடுத்த முனையின் குரல் வந்து சேர மூன்று நொடி ஆகும். சத்தம் இழுபட்டு ஒரு இரைச்சலாகத்தான் கேட்கும். ஒற்றை ஆள் கை தட்டினால் மட்டும் ‘பட்’டென்று கேட்கும். ஆக, சத்தம் எவ்வளவு வெடுக்கென்று இருக்கிறதோ அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வருகிறது.

ஒளிக்கும் இதே நியாயம்தான். பத்தில் ஒரு நொடியில் கூடிக் குறைகிற ஒன்று, அந்த நேரத்தில் ஒளி கடக்கும் 30,000 கி.மீட்டரைவிடப் பெரிதாக இருக்க வழியில்லை. சூரியனின் குறுக்களவே 14 லட்சம் கி.மீ. அப்படியானால் இது சாதாரண விண்மீன் இல்லை.

ஆளை அடையாளம் காட்டியது

உஹுரு காட்டிய இடம் துல்லியமானது அல்ல; அந்தப் பரப்புக்குள் விண்மீன்கள் ஏராளம். துப்பு ரேடியோவிலிருந்து வந்தது. 1971-இல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அந்தப் பரப்பில் ஒரு ரேடியோ மூலத்தைக் கண்டன. எக்ஸ் கதிரின் போக்கு மாறிய அதே நாட்களில்தான் அந்த ரேடியோ மூலமும் தலைகாட்டியது. ரேடியோவில் இடத்தை நுணுக்கமாகக் குறிக்கலாம். குறித்துப் பார்த்தால் நேராக எச்டிஇ 226868 மேல் வந்து உட்கார்ந்தது.

“கடைசியா ஒண்ணாப் பாத்த சாட்சி” என்று அவர் தானாகவே தலையாட்டினார். இந்தக் கண்ணியில் அவர் குறுக்கே கேட்கவில்லை.

அந்த விண்மீன் நீலப் பெருவிண்மீன் வகை. அவ்வளவு எக்ஸ் கதிரைக் கொட்ட அந்த வகையால் முடியாது. அப்படியானால் கூட இன்னொருவர் இருக்க வேண்டும். இருந்தால் வெள்ளை பனியன் வட்டம் அடிக்க வேண்டும்.

அதை அளந்தது, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலையாகக் காட்டும் கருவி. அதற்கு நம் பக்கத்தில் ஒரு பழைய சொந்தம் உண்டு. மேற்கே தெரியும் பழனி மலையில், 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படம் எடுத்தார். நிறமாலையின் குறுக்கே விழும் மெல்லிய கோடுகள் தம் இடத்திலிருந்து மயிரிழை விலகியிருந்தன. அந்த விலகலை வைத்து, சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று சொன்னார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளிக்கோடு நீலப் பக்கமும், விலகிப் போவது சிவப்புப் பக்கமும் நகரும். மேலூர் சாலையில் பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே நம்மைக் கடக்கும்போது சுருதி இறங்குகிறதே, அதே சங்கதி.

1971-இல் இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டர், பால் மர்டின் இருவரும், கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் டாம் போல்டனும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல், எச்டிஇ 226868-இன் கோடுகளை இரவு இரவாக அளந்தார்கள். கோடுகள் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடின. ஒரு சுற்று 5.6 நாள். திங்கள் விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சனிக்கிழமை இரவு எட்டரைவாக்கில் பழைய இடம். வேகத்தின் ஏற்ற இறக்கம் நொடிக்குச் சுமார் 75 கி.மீ. ஒத்தக்கடையிலிருந்து திண்டுக்கல் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் நகர்வோ அலைநீளத்தில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான்.

1972-இன் தொடக்கத்தில் இரண்டு கட்டுரைகளும் வெளிவந்தன. வெப்ஸ்டரும் மர்டினும் மிக அடக்கமாக எழுதினார்கள்: கூட்டாளியின் நிறை சூரியனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கலாம், அதனால் கருந்துளையோ என்று ஊகிக்காமல் இருக்க முடியவில்லை என்கிற தோரணையில்.

கட்டில் இருந்த ஓட்டை

இந்த இடத்தில் பெரும்பாலான கட்டுரைகள் ‘ஆகவே கருந்துளை’ என்று முடித்துவிடும். நானும் வகுப்பில் அப்படித்தான் முடிப்பேன். குமாஸ்தா ஐயா விடவில்லை.

“இருங்க தம்பி. பேரன் ஆடுறதை வச்சு யாரோ கையைப் பிடிச்சிருக்காகண்டு சொல்லலாம். பிடிச்சிருக்கிற ஆளு எம்புட்டுக் கனம்னு எப்புடிச் சொல்றீக?”

சரியான இடத்தில் கை வைத்தார். (வகுப்பில் ‘நிறை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘எடை’ என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். கனம் என்ற சொல்லை அவருக்காக மட்டும் விட்டுவைக்கிறேன்.)

சுற்றும் காலமும் வேகமும் தெரிந்தால், தெரியாத ஆளின் நிறை குறைந்தபட்சம் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று நியூட்டன் விதிப்படி ஒரு அடிமட்டக் கணக்கு போடலாம். தெரிகிற விண்மீனுக்கு நிறையே இல்லை, தட்டாமாலையை நாம் சரியாகப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம் என்று எல்லாவற்றையும் எதிர்த்தரப்புக்குச் சாதகமாக வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. சிக்னஸ் எக்ஸ்-1க்கு அதில் கிடைப்பது என்ன தெரியுமா? சூரிய நிறையில் வெறும் கால் பங்கு. கால் சூரியனுக்குக் கருந்துளை எதற்கு?

கால் பங்கிலிருந்து மேலே ஏற வேண்டுமானால் வெள்ளை பனியனின் நிறை தெரிந்தாக வேண்டும். அது நீலப் பெருவிண்மீன் என்பதால் அந்த வகைக்குரிய பெரிய நிறையைப் போட்டார்கள், கூட்டாளியும் கனத்தான். ஆனால் தோற்றத்தை வைத்து நிறையைச் சொல்லலாமா? 1973-இலேயே சிலர் கேட்டார்கள்: பெருவிண்மீன் மாதிரி வேஷம் போடுகிற இலேசான விண்மீனாக, நமக்குப் பக்கத்திலேயே இருந்தால்? இன்னும் சிலர், இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் கூட்டு என்று ஒரு கதை கட்டினார்கள். ஒன்றும் நக்கலுக்குச் சொன்னதில்லை, ஒவ்வொன்றும் முறையான மாற்று விளக்கம்.

1974-இல் இயற்பியலாளர்கள் ஸ்டீபன் ஹாக்கிங்கும் கிப் தார்னும் கட்டிய பந்தயம் இந்தச் சந்தேகக் காலத்தில்தான். ‘இது கருந்துளை இல்லை’ என்ற பக்கம் பந்தயம் கட்டியவர் ஹாக்கிங். வாழ்நாள் உழைப்பெல்லாம் கருந்துளையில் போட்டவர், அது பொய்த்துப்போனால் பந்தயமாவது மிஞ்சட்டும் என்று. 1990-இல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தூரம்தான் சாவி. தூரம் தெரிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும், அதிலிருந்து பருமன், அதிலிருந்து நிறை. விண்வெளித் தூசி ஒளியைச் சிவப்பாக்கும். தூரம் கூடக் கூடத் தூசியும் கூடும். அதே திசையில் உள்ள மற்ற விண்மீன்களோடு ஒப்பிட்டு, இது பக்கத்து ஆள் இல்லை, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தள்ளி நிற்கிறது என்று 1973-இலேயே காட்டிவிட்டார்கள். துல்லியமான அளவு வர வெகுகாலம் ஆனது. கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பார்த்தால் விரல் நகர்வதுபோல் தெரியுமல்லவா? பூமி சூரியனைச் சுற்றும்போது, ஹவாயிலிருந்து கரீபியத் தீவு வரை பரப்பிவைத்த பத்து ரேடியோ தட்டுகளைக் கொண்டு அந்த நகர்வைப் பிடித்தார்கள். 2011-இல் தூரம் சுமார் 6,070 ஒளியாண்டு என்றும், கூட்டாளி 14.8 சூரிய நிறை என்றும் வந்தது. 2021-இல் இன்னும் கூர்மையாக அளந்தபோது தூரம் 7,200 ஆனது. நினைத்ததைவிடத் தொலைவு என்றால் விண்மீன் உண்மையில் இன்னும் பெரிது, கூட்டாளியும் இன்னும் கனம்: 21 சூரிய நிறை. விண்மீனுக்குச் சுமார் 40.

“14ண்டு சொன்ன ஆளு 21ண்டு மாத்திச் சொன்னா அதுக்குப் பேரு பிறழ் சாட்சி தம்பி.”

“குற்றத்துக்குத் தேவையான அளவு மூணுதான் ஐயா. பதினாலும் மூணுக்கு மேல, இருபத்தொண்ணும் மூணுக்கு மேல.”

அந்த மூணு எங்கிருந்து வந்தது?

நேர்மையாகச் சொன்னால், முழு வழக்கும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் பாரத்திலேயே நசுங்கும். நசுங்காமல் தாங்கிப் பிடிக்க இயற்கையிடம் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. முதலாவது எலக்ட்ரான்களின் எதிர்ப்பு. அதனால் நிற்பது வெண்குள்ளன். அதற்கு உச்சவரம்பு 1.4 சூரிய நிறை என்பது சந்திரசேகரின் கணக்கு. லாகூரில் பிறந்த தமிழர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர்; 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும்போது, பத்தொன்பது வயதில், இந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டார். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் எழுந்து அதைக் கேலி செய்தார். நோபல் பரிசு வந்தது 1983-இல்.

இரண்டாவது முட்டுக்கட்டை நியூட்ரான்கள். ஒரு ஊர் அகலத்துக்குள் ஒரு சூரியனை அடைத்தால் அது நியூட்ரான் விண்மீன். உள்ளே அழுத்தம் எப்படி இருக்கும் என்பதில் இன்றும் இழுபறி உண்டு. ஆனால் அதற்கும் மேல் ஒரு எல்லை போடலாம். எவ்வளவு விறைப்பான பொருளானாலும் அதனுள் ஒலி ஒளியைவிட வேகமாகப் போக முடியாது. அந்த ஒரு நிபந்தனையையும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியையும் வைத்துக்கொண்டு 1974-இல் கணக்கிட்டவர்கள் சுமார் 3.2 சூரிய நிறை என்று வரம்பு கட்டினார்கள். அதற்கு மேல் போனால் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை. இதுவரை நம்பகமாக அளந்த நியூட்ரான் விண்மீன்களில் கனமானவை இரண்டு சூரிய நிறையைச் சற்றுத் தாண்டுகின்றன.

21 சூரிய நிறையுள்ள கருந்துளையின் எல்லை எவ்வளவு பெரிது? ஆரம் சுமார் 62 கி.மீ. மதுரையில் நடுவை வைத்தால் விளிம்பு திண்டுக்கல் பக்கம் போய் நிற்கும். விண்மீனுக்கும் அதற்கும் இடைவெளி சூரியனுக்கும் புதனுக்கும் உள்ளதைவிடக் குறைவு. விண்மீனிலிருந்து வீசும் வாயு அதன் பக்கம் இழுபட்டு, நேராக விழாமல் தட்டாகச் சுழன்று, உரசி உரசிப் பல லட்சம் டிகிரி சூடேறி எக்ஸ் கதிரை உமிழ்கிறது. கொலுசுச் சத்தம் அந்த வாயுவினுடையது.

அதே அன்னத்தில் இன்னொரு கட்டு

இரண்டாவது சனிக்கிழமை செய்முறையை மாற்றினேன். இந்த முறை சின்னவளுக்கு வெள்ளைப் பாவாடை. கறுப்புச் சட்டை அவள் அப்பாவுக்கு. நல்ல தாட்டியான ஆள். விளக்கை அணைத்ததும் அவள் கால் தரையில் பாவவில்லை. வெள்ளைப் பாவாடை பெரிய வட்டமாகப் பறந்தது. குமாஸ்தா ஐயா, “ஏய், கையை விட்ராதடா!” என்று மகனைப் பார்த்துக் கத்தினார். யார் என்று தெரியாத இருட்டிலும், பிடித்திருப்பது கனத்த ஆள் என்பதைப் பாவாடையின் வேகமே சொல்லிவிட்டது. அவள் எடையைத் தனியாக யாரும் கேட்கத் தேவையில்லை.

அன்னத்திலேயே வி404 சிக்னி என்று ஒன்று இருக்கிறது. 1989-இல் ஜப்பானின் ஜிங்கா செயற்கைக்கோள் அங்கே எக்ஸ் கதிர் வெடிப்பைக் கண்டது. வெடிப்பு அடங்கிய பிறகு மங்கலான விண்மீன் ஒன்று மட்டும் மிஞ்சியது, சூரியனைவிட இலேசானது. கேனரி தீவிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியால் அதன் கோடுகளை அளந்து காசரெஸ், சார்ல்ஸ், நெய்லர் மூவரும் 1992-இல் வெளியிட்டார்கள். சுற்று 6.47 நாள். சிக்னஸ் எக்ஸ்-1லிருந்து அதிகம் வேறுபாடு இல்லை. வேகம்தான் வேறு: நொடிக்குச் சுமார் 208 கி.மீ. எல்லாவற்றையும் எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்துப் போடும் அந்த அடிமட்டக் கணக்கிலேயே ஆறு சூரிய நிறைக்கு மேல் வந்தது. விண்மீனின் நிறை, தூரம், சாய்வு எதுவும் தெரிய வேண்டாம். மூன்று எப்போதோ பின்னால் போய்விட்டது.

என்னைக் கேட்டால், கருந்துளை உண்டு என்று சந்தேகமற நிலைநாட்டிய கட்டு இதுதான். பேரும் புகழும் சிக்னஸ் எக்ஸ்-1க்குப் போனது. அது முதலில் பிடிபட்டது, பந்தயமும் அதன் பேரில். பாடப்புத்தகக்காரர்கள் வி404-ஐக் கண்டுகொள்வதே இல்லை. குமாஸ்தா ஐயா ‘6.47 நாள், 208’ என்று தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

விடுதலையான ஒருவர்

“இம்புட்டுப் பேரைப் பிடிச்சீகளே, தப்பா ஒருத்தரைக்கூட உள்ள வைக்கலையா?”

வைத்தோம். எச்ஆர் 6819. தெற்கு வானத்தில், மதுரையில் அடிவானத்துக்குச் சற்று மேலே எழுந்து மறையும் விண்மீன். 2020-இல் ஒரு குழு, இது மூவர் கூட்டு, உள்ளே ஒரு விண்மீன் 40 நாளுக்கு ஒருமுறை ஏதோ ஒன்றைச் சுற்றுகிறது, அந்த ஏதோ ஒன்று நாலு சூரிய நிறைக்குக் குறையாத கருந்துளை என்று அறிவித்தது. தூரம் ஆயிரம் ஒளியாண்டுதான். பூமிக்கு மிக அருகிலுள்ள கருந்துளை என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. கொலுசுச் சத்தம் கிடையாது. ஆட்டம் மட்டும்தான் சாட்சி.

வேறு குழுக்கள் உடனே ஆட்சேபித்தன. ஆடுகிற விண்மீன் பார்க்கத்தான் கனமாகத் தெரிகிறது. மேல்தோலை இன்னொரு விண்மீன் உறிஞ்சிவிட்டதால் உள்ளே இலேசாகிப்போனது. இலேசான ஆள் அதிகம் ஆடத்தான் செய்வான் என்றார்கள். 1973-இல் சிக்னஸ் எக்ஸ்-1 மேல் வைத்த அதே சந்தேகம்தான். அங்கே பொய்த்தது, இங்கே பலித்தது. முடிவு செய்ய ஒரு சோதனை இருந்தது: மூவர் கூட்டு என்றால் இரண்டு ஒளிப்புள்ளிகளும் விலகி நிற்க வேண்டும், கருந்துளை இல்லை என்றால் ஒட்டி நிற்க வேண்டும். சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கிகளை இணைத்துப் பார்த்தார்கள். ஒட்டித்தான் நின்றன. 2022-இல் வந்த அந்தக் கட்டுரையில், முதலில் கருந்துளை என்று சொன்ன குழுவின் தலைவரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருந்தார்.

குமாஸ்தா ஐயா சற்று நேரம் பேசவில்லை. “எங்க கோர்ட்ல இப்புடி நான் பாத்ததில்ல” என்றார்.

கிணற்றில் போட்ட கல்

மூன்றாவது சனிக்கிழமை அவர் கேட்டது கடைசி ஆட்சேபம். கனமாக இருக்கிறது, சின்னதாக இருக்கிறது, சரி. நாம் கேள்விப்படாத வேறொரு கட்டியான பொருளாக இருந்தால்?

நியூட்ரான் விண்மீனுக்குத் தரை உண்டு. மேலிருந்து விழும் வாயு தரையில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் அணுக்கரு வெடிப்பாகப் பற்றி, சில நொடி எக்ஸ் கதிரில் பளீரென்று எரியும். அப்படிப்பட்டவை ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. மூன்று சூரிய நிறைக்கு மேல் என்று அளந்த எதிலும் இந்த வெடிப்பு பதிவானதில்லை. வாயு போகிறது, போனது போனதுதான், கிணற்றில் போட்ட கல். தண்ணீரோ தரையோ இருந்தால் சத்தம் வந்திருக்கும்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொன்னேன். 2015 செப்டம்பர் 14 அன்று, 36, 29 சூரிய நிறையுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றி மோதி ஒன்றானபோது எழுந்த ஈர்ப்பலையை அமெரிக்காவின் இரண்டு லைகோ மையங்களும் பிடித்தன. கருந்துளைகளுக்கு ஐன்ஸ்டைனின் சமன்பாடு சொன்ன வடிவத்திலேயே அலை எழுந்து அடங்கியது. 2019 ஏப்ரலில், எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் 650 கோடி சூரிய நிறையுள்ள ஒன்றின் நிழலைப் படமாகவே வெளியிட்டார்கள். படத்தை போனில் காட்டினேன். “வடையா?” என்றாள் சின்னவள். குமாஸ்தா ஐயா படத்தில் அதிகம் அக்கறை காட்டவில்லை. போட்டோவை யாரும் எதுவும் செய்யலாம் என்பது அவர் அனுபவம்.

கிளம்பும் முன் திருவோணத்தைக் காட்டினேன். அது இருக்கும் விண்மீன் கூட்டத்தில், சுமார் 2,000 ஒளியாண்டு தள்ளி, 33 சூரிய நிறையுள்ள ஒன்றை ஐரோப்பாவின் கையா விண்கலம் கண்டதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். பெயர் கையா பிஎச்3. சூரியனைவிடச் சற்று இலேசான ஒரு விண்மீன் அதை 11.6 ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது.

“இதுக்குக் கொலுசு இருக்கா?”

“இல்லை ஐயா. ஆட்டம் மட்டும்தான்.”

“தெக்க இருந்தவருக்கும் ஆட்டம் மட்டும்தானே இருந்துச்சு?”

அங்கே கோடுகளின் நகர்வு மட்டும் இருந்தது, இங்கே விண்மீன் வானத்தில் வளைந்து போகும் பாதையையே கையா வரைந்திருக்கிறது, கோடுகளும் அதோடு ஒத்துப்போகின்றன என்றேன். 33 சூரிய நிறையுள்ள ஒரு விண்மீன் பக்கத்தில் நின்றால் இந்த இலேசான விண்மீன் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அது எரிந்திருக்கும் என்றும் சொன்னேன். டைரியைப் புரட்டினார். மேற்கே மின்னல் வெட்டியது. நான் தொலைநோக்கிக்குத் தார்ப்பாயைப் போர்த்த ஆரம்பித்தேன்.

“நம்பர் போட்டுக்கிருவோம்” என்றார். “விசாரணை அடுத்த புரட்டாசிக்கு.”